பங்காக்காரன் சொன்ன அர்த்தம்

வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் கச்சேரி ஒன்றில், கூரையில் தொங்கிய பங்கா விசிறிகளைக் கயிறு கட்டி இழுப்பவன் சடையன். கூடத்துக்கும் கலெக்டர் துரையின் அறைக்கும் சேர்த்து ஒரே கயிறு.

கத்திரி வெயிலில் ஒருநாள், "தண்ணி குடிச்சிட்டு வந்துடறேனுங்க" என்று கேட்டான். கம்பளிக் கோட்டு போட்ட தலைமைக் குமாஸ்தா அனந்தநாராயணனுக்குப் பொறுக்கவில்லை.

"துரை இந்த வெயிலை 'ஸ்வெல்டரிங்' என்கிறாரே, அர்த்தம் தெரியுமாடா? அர்த்தமும் சொல்லு, பிரயோகமும் காட்டு. இல்லாவிட்டால் நாளைக்கு வேலைக்கு வராதே!"

மற்ற குமாஸ்தாக்கள் சிரித்தார்கள்.

"ஆகட்டும் எசமான்" என்று சடையன் கயிற்றை விட்டுவிட்டுக் கைகட்டி நின்றான்.

பங்காக்கள் நின்றன. கூடம் இட்லிப் பானையாயிற்று. அனந்தநாராயணனின் மூக்கிலிருந்து சொட்டிய வியர்வையில், அவர் எழுதிய எழுத்தெல்லாம் கரைந்து ஓடியது. கோட்டைக் கழற்றி எறிந்தார். அதற்குள், "ஸ்வெல்டரிங்! ஸ்வெல்டரிங்!" என்று புழுக்கம் தாங்காமல் அலறிக்கொண்டு துரையே வெளியே ஓடிவந்தார்.

"கயிற்றை இழுடா!" என்று கத்தினார் தலைமைக் குமாஸ்தா.

"அர்த்தம் உங்க முதுகுல வழியுதுங்க. பிரயோகம் துரை வாயாலேயே வந்துடுச்சுங்க. என் வேலை இருக்குங்களா, போச்சுங்களா?"

"இருக்கு, இருக்கு! இழு ராசா!"