பெர்தீதோ என்று எழுதிய பட்டியல்

நான் பார்த்ததில்லை, பார்த்தவர்களும் இப்போது இல்லை. கடலில் பாய்க்கப்பல் மட்டுமே ஓடிய காலம். முத்துக் குளிக்கிற ஒரு துறையில் சந்தியாகு என்றொரு துபாஷி இருந்தார். பறங்கிக் கப்பல்காரர்கள் பேசுவதை நம்மவருக்கும், நம்மவர் பேசுவதை அவர்களுக்கும் மாற்றிச் சொல்வது அவர் வேலை.

அவருக்கு ஒரே சீடர், தொம்மை. குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு அறுபத்திரண்டு. வலை இழுத்த கை முடங்கிப்போன பிறகு மொழி படிக்க வந்தவர்.

ஒரு நாள் மத்தியானம் தொம்மை மூச்சிரைக்க வந்து நின்றார்.

"துபாஷியாரே, வேர் கிடைச்சிட்டுது."

"உட்காரும் ஓய். எந்தச் சொல்லுக்கு?"

"பெர்தீதோ."

சந்தியாகு நிமிர்ந்து பார்த்தார். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு கப்பலின் ஆள் பட்டியல் கரைக்கு வந்தது. கப்பல் வரவில்லை. தொம்மையின் மகன் இஞ்ஞாசியின் பெயருக்கு நேரே எழுதியிருந்த சொல் அது. மருமகள் மதலேனாள் இன்றைக்கும் புருஷனுக்கென்று ஒரு பங்கு சோறு எடுத்துவைக்கிறாள். அந்தக் கரையில் அதுதான் வழக்கம். கோயிலில் துக்கமணி அடிக்கும்வரை கடலுக்குப் போனவனுக்குச் சோறு உண்டு. அவன் பெண்டாட்டிக்கு மறு கல்யாணம் கிடையாது.

"சொல்லும்."

"போர்த்துக்கீசுக்காரன்கிட்ட கேட்டேன். தொப்பி இல்லாத தலையைத் தொட்டு, கடலைக் காட்டினான். தொலைஞ்சு போச்சாம்."

"தொப்பி திரும்பி வந்ததாமா?"

"கேலி பண்ணாதீங்க. இத்தாலிக்காரன் பெர்தூத்தோன்னான். மடியை உதறிக் காட்டினான், ஒண்ணுமில்லை. பிரெஞ்சுக்காரன் பெர்தியூன்னான். அவனுக்கு ரெண்டு விரல் கிடையாது, அதைக் காட்டினான். எஸ்பானியா தேசத்துக்காரன் மட்டும் மணல்ல ஒரு வழி வரைஞ்சு, நடுவுல நின்னு திருதிருன்னு முழிச்சான். வழி தப்பினவனாம். வழி தப்பினவன் வரலாம் இல்லையா?"

"வேர்?"

"லத்தீன் படிச்ச பாதிரியார் இன்னிக்குத்தான் சொன்னார். எல்லாத்துக்கும் ஒரே தாய்ச்சொல்லாம், பெர்தெரே. அதைப் பிரிச்சா உள்ளே இருக்கிறது கொடுக்கிறது. முழுக்கக் கொடுத்துவிடுறது." தொம்மை அப்போதுதான் உட்கார்ந்தார். "என் பிள்ளையை யாருக்கோ கொடுத்திருக்காங்க. எங்கேயோ ஒரு வீட்டில இருக்கான். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கம்மான்னு மதலேனாள்கிட்ட சொல்லப் போறேன். சரிதானே?"

சந்தியாகு பெட்டியைத் திறந்து பட்டியலை எடுத்து நீட்டினார்.

"படியும்."

"இஞ்ஞாசி, பெர்தீதோ."

"மேலேயிருந்து."

"சவேரி, பெர்தீதோ. கஸ்பார், பெர்தீதோ. பவுலு..." தொம்மை நிறுத்தினார்.

"எத்தனை பேர் ஓய்?"

"முப்பத்திரண்டு."

"மற்ற முப்பத்தொரு வீட்டுக்கும் இதை எடுத்துப்போய்த் தமிழில் சொன்னது யார்?"

"நான்தான். நீங்கதானே அனுப்பினீங்க."

"என்னவென்று சொன்னீர்?"

"செத்துப்போனான்னு."

"மதலேனாளிடம்?"

"இவன் பேருக்கு நேரே எழுதினது மட்டும் விளங்கலைன்னு."

வெளியே யாரோ மீன் கூடையை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

"கஸ்பார் பெண்டாட்டி எப்படி இருக்கிறாள்?"

"வேறொருத்தனைக் கட்டிக்கிட்டா. ரெண்டு பிள்ளைங்க."

"பவுலின் தாய்?"

"தெரிஞ்சுகிட்டே கேட்கிறீங்களே. மணி அடிச்ச அன்னிக்கே கிணத்துல விழுந்துட்டா."

தொம்மை பட்டியலை மடிக்கப் பார்த்தார். முடங்கிய கைக்கு அது மடங்கவில்லை.

"இதை ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே என்கிட்ட கேட்டிருக்கலாமே, துபாஷியாரே."

"கேட்டிருக்கலாம். எனக்கும் வாய் வரவில்லை."

"இப்ப நான் என்ன செய்ய?"

"உம்முடைய வேர் நிஜமென்றால், முப்பத்தொரு வீட்டுக்கும் திரும்பப் போய்ச் சொல்லும். நிஜமில்லையென்றால் ஒரு வீட்டுக்குப் போம்."

தொம்மை பட்டியலை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து, தன் வீட்டுப் பக்கமாக நடந்து போனார்.