ஏழு இஸ்பேட்

பொருநைக்குளம் மனமகிழ் மன்றத்தில் நாலு பேர் பிரிட்ஜ் சீட்டு ஆடினார்கள். ஆடினார்கள் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. மாசிலாமணிக்குப் பிரமநாயகம் கூட்டாளி. எதிரே வேதநாயகமும் உலகுப்பிள்ளையும். நாலு பேர் மூளையையும் சேர்த்துத் தராசில் வைத்தாலும் தட்டு அசையாது. மனசு மட்டும் சொக்கத் தங்கம்.

மெட்ராஸிலிருந்து வந்த ரங்கபாஷ்யம்தான் கற்றுக்கொடுத்தார். "முதல்ல ஏலம். ஆசுக்கு நாலு புள்ளி, ராஜாவுக்கு மூணு, ராணிக்கு ரெண்டு, ஜாக்கிக்கு ஒண்ணு. பன்னிரண்டு புள்ளி இல்லைன்னா பாஸ் சொல்லிடுங்க. கூட்டாளி கேட்டா ஆதரிச்சு ஏத்திக் கேளுங்க. கையில இருக்கறது முகத்துல தெரியப்படாது. மிச்சம் அடுத்த தடவை." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

முகத்தில் தெரியக்கூடாதாமே! நாலு பேரும் துண்டால் முகத்தை மூடிக் கட்டிக்கொண்டார்கள். கண்ணையும் சேர்த்துக் கட்டியதால், உலகுப்பிள்ளை அன்று முழுக்க வெற்றிலைக்கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு புள்ளி எண்ணினார்.

மறுவாரம் கண்ணைத் திறந்துவிட்டார்கள். வினையும் திறந்துகொண்டது.

"எனக்கு இருபது புள்ளி!" என்றார் வேதநாயகம்.

"எனக்கு மூணு. இது எந்த ஊரு நியாயம் வே?" என்றார் உலகுப்பிள்ளை.

ஒரு மணி நேரம் பஞ்சாயத்து நடந்தது. மொத்தப் புள்ளி நாற்பது, ஆள் நாலு. ஆளுக்குப் பத்து என்று பிரமநாயகம் தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு ஆசு, ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு ஜாக்கி. பன்னிரண்டு யாருக்கும் இல்லையே! பாஸ், பாஸ், பாஸ், பாஸ். சீட்டை மடித்துவிட்டுக் காப்பி குடிப்பார்கள். ஆறு மாதம் சண்டை சச்சரவு கிடையாது.

மாசிலாமணிக்கு மட்டும் ஒரு தடவையாவது ஏலம் கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு நமநமத்தது. அதற்குள் வீட்டில் செண்பகவல்லி கிடுக்கிப்பிடி போட்டுவிட்டாள்.

"ஏலம் ஏலம்னு ஆறு மாசமா போறீங்க. ஒரு துரும்பு எடுத்துட்டு வந்திருக்கீங்களா? வர்ற ஞாயித்துக்கிழமையும் வெறுங்கையோட வந்தா மன்றத்துக்கு முழுக்குத்தான். சீட்டுக்கட்டு வெந்நீர் அடுப்புக்குப் போயிரும், ஆமா!"

ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணி மேஜையில் கலங்கிப்போய் உட்கார்ந்தார். மிச்சத்தைச் சொல்லித்தர ரங்கபாஷ்யமும் வந்திருந்தார்.

"பத்துதான் இருக்கு. இன்னும் ரெண்டு புள்ளிக்கு எங்க போவேன்?" என்றார் மாசிலாமணி.

"அட, இதுக்கா அழுதீரு? எதிராளின்னாலும் நான் உமக்குப் பக்கத்து வீட்டுக்காரன் வே," என்று வேதநாயகம் தன் ராணியை நீட்டினார். பதிலுக்கு ஒரு ரெண்டாம் நம்பர் சீட்டை வாங்கிக்கொண்டார்.

மாசிலாமணி எழுந்து நின்று, சாமியைக் கும்பிட்டு, "ஒரு இஸ்பேட்!" என்றார். கண்ணில் நீர்.

"பாஸ்," என்றார் வேதநாயகம்.

கூட்டாளியை ஆதரிக்க வேண்டுமே! "ரெண்டு இஸ்பேட்," என்றார் பிரமநாயகம்.

"பாஸ்," என்றார் உலகுப்பிள்ளை.

"நீரு ஏத்துறப்போ நான் விட்டுருவேனா? மூணு!" என்றார் மாசிலாமணி.

"நாலு!"

"அஞ்சு!"

"ஆறு!"

"ஏழு!"

"எட்..." என்று பிரமநாயகம் தொடங்கியபோது ரங்கபாஷ்யம் குதித்தார். "ஏழுக்கு மேல கிடையாதுய்யா! ஏலம் மாசிலாமணிக்கு. இனிமே ஆடுங்க! ஏழு கேட்டா பதிமூணு பிடியும் பிடிச்சாகணும்!"

"ஏலம் முடிஞ்சப்புறம் என்ன ஆட்டம்?" என்று நாலு பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பிறகு நாலு பேர் கையிலிருந்தும் ஏழு இஸ்பேட் சீட்டைப் பொறுக்கி, தினத்தாளில் பொட்டலம் கட்டி மாசிலாமணியிடம் கொடுத்தார்கள். தன்னுடைய ஆசும் போகிறதே என்று உலகுப்பிள்ளைக்கு வருத்தம்தான். ஆனாலும் ஏலம் எடுத்தவர்தானே சாமானைக் கொண்டுபோக வேண்டும்? ரங்கபாஷ்யம் தலையில் அடித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

செண்பகவல்லி பொட்டலத்தைப் பிரித்து எண்ணினாள். முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே! ஏழுதானா இருந்துது?"

"மொத்தம் பதிமூணு. இன்னும் ஆறு இருக்கு. மெட்ராஸ்காரர் ஏழுக்கு மேல கேக்க விடலை."

"அவரு யாரு தடுக்கறதுக்கு? உங்களுக்குச் சாமர்த்தியம் போதாது!"

அடுத்த ஞாயிறு, மிச்ச ஆறையும் எடுத்துவர, துணிப்பையோடு செண்பகவல்லியே மன்றத்துக்குக் கிளம்பினாள்.