கரியில் ஓடிய கார்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் ஞானதிரவியம். பெயரைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

அம்பாசமுத்திரத்தில் அவனுடைய ஒர்க்‌ஷாப்பில் நான்தான் தலை மெக்கானிக். ஒரு டாக்டருடைய காரில் டைனமோவைக் காணவில்லை. வாசலில் நின்று, வேலைக்காரர்கள் எல்லாரும் கேட்க, "ஆவுடையப்பனுக்குக் கை நீளம்" என்று சொன்னான்.

டைனமோ, கம்பிச்சுருள் கட்டிப் பழுது பார்க்கிற கடையில் இருந்தது. கொடுத்தனுப்பியவனே அவன்தான். மறந்துவிட்டான்.

அது தெரிந்த பிறகும் அவன் வாயைத் திறக்கவில்லை. நான் வேலையை விட்டேன். நான்தான் எடுத்தேன் என்று ஊர் முடிவு செய்துகொண்டது.

பாபநாசம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம் இருக்கிறது. அதை நடத்துகிற சாமியம்மா என்னைவிட வயதில் இளையவர். மனக்குறை உள்ளவர்கள் அவரிடம் போவார்கள். நானும் போனேன்.

"எனக்கு ஒரு சொல் வரணும், அம்மா."

"என்ன சொல்?"

"'தப்பாச் சொல்லிட்டேன்'னு ஞானதிரவியம் சொல்லணும். அதே வாசல்ல நின்னு சொல்லணும். அது வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது, உறக்கம் வராது. அவனைச் சொல்ல வைக்க ஒரு வழி காட்டுங்க."

அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"நீங்க என்ன வேலை?"

"மெக்கானிக்."

"மாட்டுக் கொட்டகையில ஒரு கார் கிடக்கு. ஓடுமான்னு பாருங்க."

"நான் கேட்டது வேற, அம்மா."

"கேட்டுச்சு. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

வைக்கோலைத் தள்ளிப் பார்த்தேன். நீள மூக்குக் கறுப்பு ஷெவர்லே. இரண்டாம் உலக யுத்த காலத்து வண்டி. முகப்பு விளக்கு இரண்டிலும் மேல் பாதிக்குக் கறுப்பு மை பூசியிருந்தது. குண்டு போட வருகிற விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாது என்று அப்போது அப்படிப் பூசுவார்களாம். என் அப்பா சொல்லியிருக்கிறார்.

இப்படி ஒரு வண்டியைக் கையால் தொட மெக்கானிக்குகள் தவம் கிடப்பார்கள். இங்கே அதன் மேல் கோழி முட்டையிட்டிருந்தது.

பின்பக்கத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. தலையில் மூடி, அடியில் சின்னக் கதவு.

"வெந்நீர் பாய்லரை எதுக்குக் கார்ல கட்டி வச்சிருக்கீங்க?"

"எனக்கு முந்தி இருந்தவங்க வச்சது. குளிச்சுக்கிட்டே போனாங்களோ என்னவோ."

நான் அதைக் கழற்றிச் சமையல்கட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

என்ஜின் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டேன். எலி கடித்த வயரை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிது இழுத்தேன். ஒவ்வொரு வால்வையும் கையால் தேய்த்தேன். ஒரு நாள் கைப்பிடி போட்டுச் சுற்றியபோது என்ஜின் லேசாகத் திரும்பிக் கொடுத்தது.

ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டர் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தடித்த குழாய். அது வண்டியின் அடி வழியாகப் பின்னால் போய், வெறும் வாயோடு நின்றது.

சாமியம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"கார்புரேட்டரை எவனோ களவாண்டுட்டான். போக்குக் காட்ட ஒரு குழாயை மாட்டி வச்சிட்டுப் போயிருக்கான்."

"யாரு?"

"எவனாவது இருப்பான். ஞானதிரவியம் மாதிரி ஆளுங்க ஊருக்கு ஊர் உண்டு."

"அவரு மடத்துப் பக்கமே வந்ததில்லையே."

"வந்திருந்தா எடுத்திருப்பான்."

அவர் சிரித்தார்.

"அது கிடக்கட்டும். அந்தப் பாய்லர்ல தண்ணி எது வழியா ஊத்தணும்? ஊத்துனா எல்லாம் அடி வழியா ஓடிருதாம். சமையல்காரர் என்னை ஏசுதார்."

போய்ப் பார்த்தேன். தண்ணீர் நிற்க அதில் இடமே இல்லை. உள்ளே ஒரு இரும்புச் சல்லடை. பக்கத்தில் ஒரு ஓட்டை. காரின் அடியில் நின்ற குழாயின் வாயும் அந்த ஓட்டையும் ஒரே அளவு.

அடுப்படிச் சாம்பலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் அப்பா யுத்த காலத்தில் கரி பஸ் ஓட்டியவர். பெட்ரோல் கிடைக்காத காலம். உருளையில் அடுப்புக்கரியைப் போட்டு நெருப்பு மூட்டுவார்கள். முழுக்க எரிய விட்டால் சாம்பல்தான் மிச்சம். காற்றை அளந்து விட்டு அரைகுறையாக எரிய வைத்தால் ஒரு வாயு வரும். அதை உறிஞ்சி என்ஜின் ஓடும். சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்ட கதை. உருளையைக் கண்ணால் பார்த்தும் எனக்கு அது தோன்றவில்லை.

"யாரும் எதையும் களவாங்கல, அம்மா. இது கரியில ஓடுற கார்."

"அப்ப அந்தக் களவாணி?"

"அப்படி ஒருத்தன் இல்லவே இல்லை."

"பாவம். இல்லாத மனுசனை இத்தனை நாளும் ஏசியிருக்கீங்க."

உருளையைத் திரும்ப மாட்டினேன். வாயுவை வடிகட்டும் பெட்டியில் புதுத் தேங்காய் நார் அடைத்தேன். கரி நிரப்பினேன்.

பிறகு கொட்டகைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.

ஓடாமல் போனால் ஒருத்தரும் பார்க்கக் கூடாது. ஓடினால் முதலில் ஞானதிரவியம்தான் பார்க்க வேண்டும். அவன் வாசலுக்கே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இந்த வண்டியைப் பார்த்த பிறகு அவன் எப்படிச் சொல்லாமல் இருப்பான்?

நெருப்பு மூட்டி, உருளைக்குக் காற்றடிக்கும் விசிறியைக் கையால் சுற்றினேன். அவனிடம் என்னென்ன கேட்பது என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே சுற்றினேன். தலை கனத்தது. அவனை நினைத்தால் எனக்கு எப்போதும் தலை கனக்கும். அன்றைக்கும் அதுதான் என்று இருந்தேன்.

கண் விழித்தபோது புங்கமரத்தடியில் கிடந்தேன். முகமெல்லாம் தண்ணீர். வாந்தி எடுத்திருந்தேன். சாமியம்மா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

கரி வாயு மூடின இடத்தில் ஆளைக் கொன்றுவிடும். அப்பா அதையும் சொல்லியிருந்தார்.

"கதவு தாழ்ப்பாள் போட்டிருந்ததே?"

"கழட்டிட்டேன்."

"தாழ்ப்பாளையா?"

"கதவை."

இரண்டு ஆட்கள் கதவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"அடுப்பை அணைச்சாச்சா, அம்மா?"

"எதுக்கு? அது நல்லாத்தானே எரியுது."

நான் எழுந்து உட்கார்ந்தேன். மலைக்காற்று வந்தது. நெஞ்சு நிறைய இழுத்தேன்.

"கதவை எங்க கொண்டு போறாங்க?"

"கரி சுட."

"வேங்கைக் கதவு, அம்மா அது."

"அதான். நல்ல கரி விழும்."

மறுநாள் திறந்து கிடந்த கொட்டகையில், சமையல்காரரும் மாடுகளும் பார்த்துக்கொண்டு நிற்க, மறுபடி மூட்டினேன். கைப்பிடியைச் சுற்றினேன். ஒரு இருமல். இன்னொரு இருமல். பிறகு என்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் என் தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின. அவ்வளவு நாளும் அவற்றைத் தூக்கி வைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று மத்தியானம் சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

சாமியம்மா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்க போகணும், அம்மா?"

"ஓட்டுறது நீங்கதானே."

நான் நேரே ஞானதிரவியம் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் விட்டேன்.

சத்தம் கேட்டு அவன் வெளியே வந்தான். முடி கொட்டிப் போயிருந்தது. வேலைக்காரர்களும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அதே வாசல்.

"ஏ, ஆவுடையப்பனா? இது யாரு வேலை?"

"என் வேலை."

"பெட்ரோல் வாடையே இல்லையே."

"கரி."

அவன் வண்டியைச் சுற்றி வந்தான். உருளையைத் தட்டிப் பார்த்தான். கறுப்புப் பூசின விளக்கைக் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் ஆசை தெரிந்தது. நான் இறங்கவில்லை. என்ஜினை நிறுத்தவும் இல்லை.

"ஒரு டீ சொல்லட்டுமா?"

"டீ வேண்டாம். வேற ஏதாவது சொல்லணுமா?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் டயரைப் பார்த்தான்.

"டயர் பழசா இருக்கு. மாத்திரு."

நான் காத்திருந்தேன்.

இந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. ஓடும்போதுதான் நெருப்பு நல்ல காற்றை இழுக்கும். நின்ற இடத்திலேயே நின்றால் நெருப்பு சோர்ந்து, வாயு குறைந்து, என்ஜின் அடங்கிவிடும். அது ஒரு தடவை இருமியது. ஞானதிரவியம் வானத்தைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்றான். மறுபடியும் இருமியது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரி."

பின்சீட்டிலிருந்துதான்.

"என்ன, அம்மா?"

"இப்ப எரியுறது யாரு கரி?"

என் கரிதான். என்ஜின் மூன்றாவது தடவை இருமியது.

கியரைப் போட்டேன்.

வண்டி கொஞ்சம் முக்கி முனகியது. பிறகு நகர்ந்தது. கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் நெருப்பு காற்றைப் பிடித்துக்கொண்டது. ஆற்றுப் பாலம் வந்தபோது சத்தம் சீராகி, எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"அவன் சொல்லலையே, அம்மா."

"சொல்லலைதான். ரோட்டைப் பாருங்க."