ஆவுடையப்பன் தேடிய கூட்டம்

"எனக்கு ஏத்த கூட்டம் இந்த ஊர்ல ஒண்ணுகூட இல்லம்மா" என்றார் ஆவுடையப்பன்.

குடியை விட நினைப்பவர்கள் வாரந்தோறும் கூடி உட்கார்ந்து பேசுவார்களே, அந்தக் கூட்டங்களைத்தான் சொன்னார்.

பாளையங்கோட்டையில் டயர்க் கடை வைத்திருப்பவர். ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது கை நடுங்கும். உள்ளே இரண்டு மடக்கு போனால்தான் நடுக்கம் நிற்கும்.

எதிரே இருந்த ஞானசுந்தரிக்கு அவருடைய மகள் வயது. நர்ஸ் வேலையைக் குடியால் தொலைத்து, குடியை விட்டபின் இன்னொரு ஆஸ்பத்திரியில் அதே வேலையைப் பிடித்தவர். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம் நடத்துகிறவர்.

ஆவுடையப்பன் அடுக்கிக்கொண்டே போனார். கோயில் பக்கத்துக் கூட்டத்தில் பக்தி கூடுதல். மார்க்கெட் மாடியில் ஒரே அழுகை. ரயில்வே காலனியில் தெரிந்த முகங்கள். மேலப்பாளையத்தில் எல்லாம் விடலைப் பையன்கள், அவர்களோடு இவர் என்னத்தைப் பேச?

ஞானசுந்தரி குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல எந்தக் கூட்டத்துல கடைசிவரைக்கும் உக்காந்தீங்க அண்ணாச்சி?"

சரியில்லாத இடத்தில் எதற்கு உட்கார வேண்டும் என்றார் அவர்.

"அப்ப வெள்ளிக்கிழமை எங்க கூட்டத்துக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு ஞானசுந்தரி டூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆவுடையப்பனும் வந்தார்.

ஒன்றாம் வகுப்பு அறை. பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சு. முழங்கால் நெஞ்சை இடித்தது. அவரையும் சேர்த்து மொத்தம் ஆறு பேர், வட்டமாக. ஒவ்வொருவராக முறை வைத்துப் பேசினார்கள். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை.

ஆவுடையப்பனுக்கு இருப்பு கொள்ளவில்லை. சட்டைக் காலரைத் தளர்த்தினார். வாசலைப் பார்த்தார். காலை மாற்றிப் போட இடமில்லை.

லாரி ஓட்டும் இசக்கிமுத்துவின் முறை வந்தது. மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். மூக்குமுட்டக் குடித்துவிட்டு மண்டபத்துக்குப் போனாராம். சொந்த மச்சினனே இரண்டு கையையும் விரித்து வாசலில் மறித்தானாம்.

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய பேத்திக்குக் காதுகுத்து. 'நீங்க வர வேண்டாம்ப்பா' என்று மகள் முந்தாநாள்தான் போனில் சொல்லியிருந்தாள். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார்.

பள்ளிக்கூட வாசலிலேயே பஸ் ஸ்டாப். ஜங்ஷன் பஸ் வரும் நேரம். ஜங்ஷனில் இறங்கினால் எதிரே என்ன கடை என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கடையை மூட இன்னும் நேரமாகவில்லை என்பதும் தெரியும். நாக்கு வறண்டது. உட்கார்ந்தார், எழுந்தார், சாலையை எட்டிப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஞானசுந்தரி.

"நீங்க போங்கம்மா. அங்க கூட்டம் நடக்குல்லா."

ஞானசுந்தரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் இசக்கிமுத்து வந்தார். அந்தப் பக்கம் உட்கார்ந்தார். பின்னாலேயே மற்ற மூவரும் வந்தார்கள். பெஞ்சில் இடம் போதவில்லை. ஒருவர் தரையிலேயே சம்மணம் போட்டார். ஏற்கெனவே அங்கே பையோடு நின்றிருந்த அம்மாள் ஒருத்தி, இவ்வளவு பேரும் பஸ்ஸுக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து முன்னால் நகர்ந்து இடம் பிடித்துக்கொண்டாள்.

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. அவரை ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. உள்ளே வாருங்கள் என்று கூப்பிடவும் இல்லை.

ஞானசுந்தரி இசக்கிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"எதுல விட்டீங்கண்ணே?"

"மண்டபத்து வாசல்ல."

"சொல்லுங்க."

இசக்கிமுத்து விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். மச்சினன் மறித்ததும் அவர் மண்டபத்துப் பின்பக்கம் போய், சமையல்காரர்கள் கைகழுவும் இடத்தில் நின்றாராம். உள்ளே கெட்டிமேளம் கேட்டதாம். அங்கிருந்தே இரண்டு கையையும் தூக்கி, மகள் இருக்கும் திசையைப் பார்த்து...

ஜங்ஷன் பஸ் வந்து நின்றது.

ஆவுடையப்பன் எழுந்தார்.

இசக்கிமுத்து பேச்சை நிறுத்தினார். கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்தால் கதையை நிறுத்திக் காத்திருப்போமே, அப்படி. மற்றவர்களும் சும்மா இருந்தார்கள். போகாதே என்று ஒருவர் முகத்திலும் இல்லை. போ என்றும் இல்லை.

பைக்கார அம்மாள் ஏறிக்கொண்டாள். படியில் நின்ற கண்டக்டர் குனிந்து பார்த்தார். ஐந்து பேர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"பெரியவரே, ஏறுதியளா இல்லையா?"

ஆவுடையப்பன் பஸ்ஸைப் பார்த்தார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கையால் பெஞ்சைத் தடவி, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

"நீங்க போங்க தம்பி" என்றார். "என் முறை இன்னும் வரல."