கிளையை உலுக்கிய ரசிகர்கள்

ஒரு காட்டில், ஓடையின் மேல் சாய்ந்து நின்ற நாவல் மரத்தில் ஒரு மாங்குயில் இருந்தது. விடியற்காலையில் அது பாடத் தொடங்கினால், குழந்தைகளே, காட்டுக் குரங்குகள் எல்லாம் பல்கூட விளக்காமல் ஓடிவரும். குரங்கு என்றைக்குப் பல் விளக்கியது என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

அந்தக் குரங்குகளுக்குக் கைதட்டத் தெரியாது. பாட்டுப் பிடித்துவிட்டால் உட்கார்ந்திருக்கும் கிளையைப் பிடித்து உலுக்கும். அதிகமாக உலுக்குபவனே பெரிய ரசிகன். மாங்குயிலுக்கும் அதில் பெருமைதான்.

கோடையில் அது அந்த மரத்திலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது.

"இனிக் கிளையை உலுக்காதீர்கள். என் குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை" என்றது மாங்குயில்.

"உங்கள் குஞ்சுகள் எங்கள் பிள்ளைகள் அல்லவா, அம்மா? நாங்கள் அசையவே மாட்டோம். பாடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்" என்று கும்பிட்டது, கூட்டத்தின் தலைவனான தாட்டான் குரங்கு.

மாங்குயில் நம்பியது. மறுநாள் காலையில் பாடியது.

குரங்குகள் வாயைப் பொத்திக்கொண்டு பிடித்து வைத்த பிள்ளையார்போல உட்கார்ந்திருந்தன. பாட்டு உச்சத்துக்குப் போனது. ஒரு குரங்கால் பொறுக்க முடியவில்லை. ஒரு சின்னக் கொப்பை லேசாக அசைத்தது.

"அவன் மட்டும்தான் ரசிகனா? அப்படியானால் நாங்கள் யார்?" என்று தாட்டான் எழுந்தது. அவ்வளவுதான், மரமே ஆடியது.

மாங்குயில் அலறியது.

"ஆகா, இப்படி ஒரு குரலை நாம் கேட்டதே இல்லை" என்று குரங்குகள் இன்னும் வேகமாக உலுக்கின.

கூடு பிய்ந்து ஓடையில் விழுந்தது. குஞ்சுகள் தண்ணீரோடு போய்விட்டன.

குரங்குகள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதன. பொய் அழுகை இல்லை, உண்மையாகவே அழுதன. அழுதுகொண்டே, கிளையில் ஒட்டியிருந்த கூட்டின் நார்களை ஞாபகத்துக்கென்று பிய்த்து எடுத்துக்கொண்டன.

"எனக்கும் ஒரு நார் கொடுங்கள்" என்று கேட்டது மாங்குயில்.

ஒருவரும் கொடுக்கவில்லை.

அன்று பறந்துபோன மாங்குயில் திரும்பி வரவே இல்லை. இப்போதும் விடியும்போதெல்லாம் குரங்குகள் வந்து அந்த வெறும் கிளையை உலுக்குகின்றன. "நம் அன்பில் என்ன குறை கண்டது?" என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்கின்றன.

நீதி: நாம் நேசிப்பவர் வேண்டாம் என்று சொன்னால், அதைக் கேட்பதுதான் அன்பு.