கிளட்ச் ஆயில் போன இடம்

மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி ரோட்டோரம் ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அங்கே குரு கோகிலவாணி, வயது முப்பத்தாறு. சீடர் திருமூர்த்தி, வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவர், மில்லை மூடியதும் கார் வேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். குருவை அவர் "அம்மணி" என்று கூப்பிடுவார். சீடரைக் கோகிலவாணி "அண்ணா" என்று கூப்பிடுவாள்.

ஒரு புதன்கிழமை காலை எங்கள் வேன் அங்கே போய் நின்றது.

எங்கள் என்றால் ஏழு பேர். திங்களும் வியாழனும் மலையிலிருந்து இறங்கி, ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்பி ஏறுகிறவர்கள். மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் நான். ஒரு வியாழன் தவறினால் உடம்பில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், படுத்தால் மூச்சு வராது. சும்மா பயமுறுத்துவதற்குச் சொல்லவில்லை. போன மழையில் ரோடு அடைபட்டதற்கு முன்னால் நாங்கள் எட்டுப் பேர்.

திங்கட்கிழமை மேலே ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கியர் விழவில்லை. வேன் பின்னால் நகர்ந்தது. டிரைவர் ஆறுச்சாமி பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்து நிறுத்தி, இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். பின்னால் என்ன இருந்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறுச்சாமி கையிலிருந்த ஆயிலை ஊற்றி, வண்டியை மெல்ல உருட்டி வீடு சேர்க்கும்வரை பார்த்தவர்கள் வாய் திறக்கவில்லை.

அதனால்தான் புதன்கிழமை நானும் ஆறுச்சாமியோடு கிளம்பி வந்தேன். தாலுகா ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவன், எதையும் நேரில் பார்க்காமல் நம்பமாட்டேன்.

ஏழு மணிக்கு வேனுக்கு அடியில் போன திருமூர்த்தி பத்து மணிக்குத்தான் வெளியே வந்தார்.

"ஆயில் கொறையுதுங் அம்மணி. மூணு மாசமா கொறையுது. நானே ரெண்டு தடவ ஊத்திக் குடுத்திருக்கேன். ஆனா கீழ ஒரு சொட்டு இல்லீங்க."

"சொட்டு விழுதான்னு கீழ அட்டை போட்டீங்களாண்ணா?"

"போட்டனுங்க. அட்டை காஞ்சே கெடக்குது. பைப்பத் தடவிப் பாத்தேன், கீழ இருக்கற சிலிண்டரு ரப்பர நீக்கிப் பாத்தேன். எங்கயும் ஈரமில்ல. அப்ப உள்ளுக்குள்ளதான் ஒழுகோணும். கியர் பாக்ஸ எறக்கிப் பாத்தரலாமுங்க."

"எறக்குனா எப்ப ஏத்துவீங்க?" என்று நான் கேட்டேன்.

"நாளன்னிக்கு ஆயிருமுங் சார்."

நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை. நடுவில் வியாழன் போய்விடும். பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தேன். ஆறுச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோகிலவாணி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "டிரைவர் உக்கார்ற பக்கம் பாத்தீங்களா?"

"அதுல பாக்க என்னங்க இருக்குது? ஆறுச்சாமி வண்டி கோயிலாட்ட இருக்குது. நான் பாத்ததுலயே இத்தன சுத்தமான வண்டி இல்லீங்க."

அவ்வளவு கவலையிலும் ஆறுச்சாமிக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம்.

திருமூர்த்தி விடவில்லை. "ஒழுகுது. ஆனா ஒழுகுன எடத்தக் காணோம். அப்ப அந்த ஆயிலு எங்கதான் போகுதுங் அம்மணி?"

"யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏம்மா, இங்க ஏழு பேரு உசுரு ஊசலாடுது. உனக்கு வெளையாட்டா இருக்குதா?" என்று கத்தினேன். இந்த உடம்பு வந்ததிலிருந்து எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஆறுச்சாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வேனைக் கொஞ்சம் நிழலுக்குத் தள்ளி நிறுத்தலாம் என்று ஏறப் போனார். போகும்போது செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார். எப்போதும் அப்படித்தான். வெறுங்காலோடுதான் ஓட்டுவார். சோறு போடுகிற வண்டிக்குள் செருப்புக் காலோடு ஏறமாட்டார்.

"ஏனுங்ணா, வண்டி இருக்கட்டும். இப்படி வந்து உக்காருங்க. காலக் காட்டுங்க."

"எதுக்குங்க?"

"காட்டுங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் தரையில் குந்தி அவருடைய இடது காலைப் பிடித்தாள். மனுஷன் பதறிப்போனார். "ஐயையோ, காலெல்லாம் தொடாதீங் அம்மணி!"

அவள் பாட்டுக்குப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு வலது காலையும் திருப்பினாள். வலது பாதம் மலைக்குளிரில் வெடித்து, கறுத்து, எங்களெல்லார் பாதத்தையும்போல இருந்தது. இடது பாதத்தில் விரல்களுக்குக் கீழே, பெடல் மேல் படுகிற அந்த ஓர் இடத்தில் மட்டும், தோல் உரிந்து வெளுத்துச் சிவந்திருந்தது.

"இது எத்தன நாளா?"

"சேத்துப்புண்ணுங்க. மூணு மாசமா மஞ்சள் அரைச்சுப் போடறேன், ஆற மாட்டீங்குது."

மூணு மாசம் என்றதும் திருமூர்த்தி நிமிர்ந்தார்.

"காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னால என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"என்னங்க பண்ணுவேன், ஈரத்துணியில எல்லாம் தொடைப்பேன். ஸ்டேரிங்கு, கண்ணாடி, சீட்டு, கடைசியா மூணு பெடலும். கால் படற எடம்னு அத மட்டும் உட்டுறக் கூடாதுங்களே. கீழ கெடக்கற ரப்பர் மேட்டக் கழுவிப் போட்டுருவேன். அப்பறம் விபூதி வெச்சுக் கும்புட்டுட்டு ஏறுவேன்."

"அந்த விபூதி இருக்குதுங்களா?"

கண்ணாடிக்குக் கீழே சாமி படத்துக்குப் பக்கத்தில் பொட்டலம் இருந்தது. எடுத்துக் கொடுத்தார். அவள் கிளட்ச் பெடலைக் காய்ந்த துணியால் ஒற்றினாள். பிறகு பெடல் தண்டு முழுக்க, மேலே என்ஜினை மறைக்கிற தகரச் சுவருக்குள் அது நுழைகிற இடம்வரை, வெள்ளை வெளேரென்று விபூதியைப் பூசினாள். அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, தண்டின் பெயிண்ட் அங்கங்கே பொருமிக்கொண்டு நின்றது.

"அண்ணா, நீங்க மல்லாந்து படுத்து டார்ச் அடிங்க. மேல மட்டும் பாருங்க. ஆறுச்சாமியண்ணா, நீங்க ஓரமா உக்காந்து மிதிங்க. எண்ணாதீங்க, நான் போதும்கற வரைக்கும்."

திருமூர்த்தி தலையை உள்ளே விட்டுப் படுத்தார். நானும் என் பங்குக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஆறுச்சாமி மிதித்தார். பெடல் போனது, வந்தது. போனது, வந்தது. நான் எண்ணினேன். எண்ணாதே என்று அவரிடம்தானே சொன்னாள். இருபது, முப்பது. ஒன்றும் இல்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. வீட்டில் தலையணையை உயர்த்தி வைத்து உட்கார்ந்தபடியே விடிய வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்து மூன்றில் திருமூர்த்தி டார்ச்சை மேலே நெருக்கிப் பிடித்தார்.

"அம்மணி."

"என்னங்ணா?"

"வருதுங் அம்மணி."

மேலே, தண்டு சுவருக்குள் நுழைகிற ஓட்டையில் விபூதி நனைந்து கறுத்தது. கடுகு அளவுதான். அடுத்த மிதிக்கு அது ஒரு நூலாகக் கீழே இறங்கியது. இன்னொரு மிதி, இன்னும் கொஞ்சம். அந்த வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு, அவசரமே இல்லாமல், நேராகப் பெடலுக்கு வந்து சேர்ந்தது. ஆறுச்சாமியின் காலுக்கு அடியில் போய் மறைந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஊசி ஏறி ஏறி மரத்துப்போன கை இது, அதிலும் மயிர் நட்டுக்கொண்டு நின்றது.

"போதுங்ணா" என்றாள் கோகிலவாணி. "தொடைக்கற துணியக் கொஞ்சம் காட்டுங்க."

சீட்டுக்கு அடியிலிருந்து ஆறுச்சாமி எடுத்துக் கொடுத்தார். துவைத்து மடித்த பழைய வேட்டித் துணி. அவள் அதை வாங்கி முகரவில்லை, பிரிக்கவும் இல்லை. அப்படியே திருமூர்த்தியின் கையில் வைத்தாள். அவர் முகர்ந்தார். எத்தனை அலசினாலும் அடியில் ஒரு வாடை நிற்கும்போல. அவர் முகம் மாறியது.

"இந்த ஆயிலு பெயிண்டு, தோலு எல்லாத்தையும் உரிச்சுரும். தண்ணியோடயும் கலந்துக்குமுங்க" என்றார் மெதுவாக. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. "ஈரத்துணி பட்டா ஒரு துளி மிச்சம் நிக்காது. மிதிச்சாத்தான் வரும், சும்மா நின்னா வராது. அதான் அட்டையில ஒண்ணுமில்ல."

ஆறுச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப எடுத்துட்டுப் போனது நானுங்களா? தெனமும் நாந்தான் தொடச்சுத் தொடச்சு மறைச்சனுங்களா?" என்றார். தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தன பேர ஏத்திக்கிட்டு! சாமி, இத்தன பேர ஏத்திக்கிட்டுப் போனனே!"

எனக்கு வாய் துறுதுறுவென்றது. ஆனால் அந்த மனுஷனைத் திட்ட மனசு வரவில்லை. எங்களுக்காகத்தானே அத்தனை துடைத்தார்.

அவள் மேலே இருந்த சிறிய சிலிண்டரைக் கழற்றினாள். உள்ளேயிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஓரத்தில் நகம் பட்ட அளவுக்கு ஒரு கீறல். அவ்வளவேதான். அத்தனை பேரைப் பள்ளத்தைப் பார்த்துத் தள்ளியது இதுதான் என்றால் நம்ப முடிகிறதா? நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

புது ரப்பர் போட்டு, புது ஆயில் ஊற்றி, ஆறுச்சாமி மேலே மிதிக்க, திருமூர்த்தி கீழே படுத்துக் குழாயிலிருந்த காற்றையெல்லாம் வெளியேற்றினார். மூன்று மணிக்குப் பெடல் கல்லாட்டம் நின்றது. கியர் பாக்ஸ் அதன் இடத்திலேயே இருந்தது.

கை கழுவும்போது திருமூர்த்தி கேட்டார். "மூணு மாசமா நான் வண்டியப் பாத்தேன். நீங்க வந்ததும் காலப் பாத்தீங்க. அங்க பாக்கோணும்னு எப்படிங் அம்மணி தெரிஞ்சுது?"

கோகிலவாணி சோப்பை அவரிடம் நீட்டினாள்.

மறுநாள் வியாழன். விடிந்ததும் கிளம்பி, ஏழு பேரும் மலை இறங்கினோம். திங்கட்கிழமை நின்ற வளைவு வந்தது. ஆறுச்சாமி கிளட்சை மிதித்தார், கியர் மாற்றினார், வளைவு பின்னால் போய்விட்டது. முன்சீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன், யாரும் பார்க்காத நேரம் பார்த்து.

ஒர்க்‌ஷாப் வாசலில் ஆறுச்சாமி வண்டியை ஓரங்கட்டினார். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்று நான் கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இறங்கினார். கையில் அந்தத் துணி.

"அம்மணி, இன்னிக்குத் தொடைக்காமயே எடுத்தாந்துட்டேன். எத்தன வருசத்துல இதுதான் மொதத் தடவ. மனசே செரியில்லீங்க." துணியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "இனிமேத் தொடைக்கவே கூடாதுங்களா?"

கூட்டிக்கொண்டிருந்த திருமூர்த்தி விளக்குமாற்றை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவர் கேட்ட கேள்வி இன்னும் அவர் முகத்தில் இருந்தது. ஜன்னல் வழியாக நாங்கள் ஏழு பேரும் எட்டிப் பார்த்தோம்.

"நல்லாத் தொடைங்க" என்றாள் கோகிலவாணி. "அலசறதுக்கு முன்னால மட்டும் துணிய ஒருக்காப் பாத்துக்குங்க."