கொசுறுத் தூக்கம்

நீ ம் சொன்னாத்தான் கதை. உன் ம் நின்னா என் கதையும் நிக்கும். இதுதான் பேரம், சம்மதமா? காலை ஆட்டாதே! சம்மதமான்னு கேட்டேன்.

ம்.

ஒரு கடற்கரை ஊர்ல ஒரு மீன்காரி, பேரு தங்கபுஷ்பம். பேருலதான் பூவு. வாயைத் திறந்தா பட்டாசு, பட் பட் படார்! மீன் வாங்குறவங்க, "அக்கா, கொசுறுக்கு ரெண்டு நெத்திலி போடுங்க"ன்னு கேட்டுட்டாப் போதும். "கொசுறா? கடலை உங்க அப்பனா வெட்டினாரு?"ன்னு விரட்டுவா.

ஆனா வீட்டுக்கு வந்துட்டா? வீடு பூரா பூனை. பானை மூடி மேல ஒண்ணு, தராசுத் தட்டுல ஒண்ணு, கூடைக்குள்ள குட்டிங்க ஒரு கும்பல். எல்லாத்துக்கும் சோறும் மீனும் பிசைஞ்சு வைப்பா. தின்னு முடிச்சதும், "இந்தா கொசுறு, இந்தா கொசுறு"ன்னு ஒண்ணொண்ணுக்கும் ஒரு நெத்திலி போடுவா.

பூனைன்னா அவளுக்கு ஏன் அப்படி உசுரு தெரியுமா? அவ சின்னப் புள்ளையா இருக்கச்சே அவளுக்கு யாருமில்ல. கவுத்துப் போட்ட படகுக்கு அடியிலதான் படுப்பா. குளிர்ல பல்லு கடகடன்னு அடிக்கும். அப்போ நனைஞ்ச குட்டி ஒண்ணு ஊர்ந்து வந்து அவ வயித்துல சுருண்டுக்கிச்சு. குர்ர்ர்... குர்ர்ர்... பல்லு அடிக்கிறது நின்னு போச்சு. அன்னைக்கு ஒட்டிக்கிட்ட ஆசை, தலை நரைச்சும் விடல.

ம்.

அப்புறம் ஒரு சமயம், அந்த ஊர்ல தூக்கம் காணாமப் போச்சு. எங்க போச்சோ! கண்ணை மூடினா டப்புன்னு திறந்துக்கும். கைக்குழந்தை எல்லாம் ஞை ஞைன்னு அழுவுது. வலை பின்றவரு, தன் வேட்டியையும் வலையோட சேர்த்துத் தெச்சுட்டாரு!

அப்போ ஊர்த் தலைவர் கோயில்பிச்சை, கண்ணு செவசெவன்னு, கையில ஒரு சாக்கோட வந்தாரு.

"ஏ தங்கபுஷ்பம், உன் பூனைங்க மட்டும் பகல் பூரா தூங்குதே, எப்படி? ஊர்த் தூக்கத்தை எல்லாம் அதுங்கதான் முழுங்கியிருக்கு. பொழுது சாயறதுக்குள்ள திருப்பிக் குடு. இல்லேன்னா மொத்தத்தையும் சாக்குல கட்டி அக்கரைத் தீவுல விட்டுருவோம்."

"தொட்டுப் பாருமய்யா, தொட்ட கை இருக்காது!"ன்னு கத்தினா. கத்தினாளே தவிர, கண்ணு பூனைங்க மேலயே இருந்துச்சு. பூனை இல்லாத வீடா? பேரம் பேசிப் பார்த்துடுவோம்னு உள்ள போனா.

ம்.

மொதல்ல கருப்புப் பூனை மொளகு. "ஏலே மொளகு, கொழுத்த சாளை மீன் ஒண்ணு தாரேன், தூக்கத்தைக் குடு." மொளகு சாளையை லபக்னு முழுங்குச்சு. மீசையை நக்குச்சு. திரும்பிப் படுத்துத் தூங்கிடுச்சு.

அப்புறம் வெள்ளைப் பூனை சீமாட்டி. "குடுக்கியா, இல்ல வாலைப் பிடிச்சு வெளிய போடவா?"ன்னு ஒரு அதட்டு. சீமாட்டி விருட்டுனு பரண்ல ஏறி, அங்க போய்த் தூங்கிடுச்சு.

வெளிய வெயில் மஞ்சளாயிடுச்சு. தீவுக்குப் போகப் படகைத் தள்ளுற சத்தம் கேக்குது, சரக்... சரக்... மிச்சம் இருக்கிறது ஒத்தைக்கண்ணன். வயசான பூனை. தங்கபுஷ்பம் அதுகிட்டப் போய்ப் பொத்துனு உக்காந்தா. கையில மீனும் இல்ல, தொண்டையில சத்தமும் இல்ல.

"தூக்கம் மொத்தத்தையும் நீங்களே வச்சுக்கோங்கடா. எனக்குக் கொசுறு மட்டும் போதும்."

கொசுறு! பூனைங்களுக்குத் தெரிஞ்ச ஒரே மனுசப் பேச்சு அதுதானே? ஒத்தைக்கண்ணன் மெல்ல எந்திரிச்சு, அவ மடியில ஏறி, சுருண்டு... குர்ர்ர்...

மொளகும் குர்ர்ர்... பரண்ல சீமாட்டியும் குர்ர்ர்... கூடைக்குள்ள குட்டிங்க குறுகுறுகுறு... வீடே தூரத்துக் கடல் மாதிரி மெல்ல முனகுச்சு. தங்கபுஷ்பம் வாயைத் திறந்தா, பட்டாசு வரல. ஆவ்வ்வ்...

ம்...

அப்போ கோயில்பிச்சை வாசல்ல வந்து நின்னாரு. "பொழுது சாஞ்சிருச்சு, பூனைங்களை... ஆவ்வ்வ்..." படியிலயே சாஞ்சாரு, சாக்கைத் தலைக்கு வச்சாரு. ஒரு குட்டி தத்தித் தத்தி வந்து அதே சாக்குக்குள்ள பூந்து படுத்துக்கிச்சு. கொட்டாவி தெருவோட போச்சு. வலைக்காரருக்கு ஆவ்வ்... கைக்குழந்தைக்கு ஆவ்... படகு தள்ளுனவங்க படகுலயே... அலை கூட மெதுவா, வந்து... போயி... வந்து... போயி...

விடிஞ்சதும் கோயில்பிச்சை தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "இந்தக் குட்டியை நான் வச்சுக்கிடட்டுமா அக்கா?"ன்னாரு.

"நாள் தவறாம மீன் வைக்கணும். தின்னு முடிச்சதும் கொசுறும் வைக்கணும். சரின்னா தூக்கும்!"

எந்தப் பூனையும் தீவுக்குப் போகல. அன்னையிலேருந்து தங்கபுஷ்பம் கடையில மனுசங்களுக்கும் கொசுறு உண்டு. திட்டிக்கிட்டேதான் போடுவா. ஆனா போடுவா.

...

ம் எங்க?

ஏய்... ம் எங்க?

சரி. உன் ம் நின்னுடுச்சு, என் கதையும் நின்னுடுச்சு. பேரம் முடிஞ்சுது, கண்ணு. இந்தா, கொசுறுக்கு ஒரு முத்தம். தூங்கு.